எண்ணிக் கொடுத்த முப்பது மாத்திரை

1

இன்று காலை பத்தேகால் மணிக்கு எனக்கு ஒரு வட்டத் தகடு கொடுத்தார்கள். பித்தளை நிறம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் ஒன்று என்ற எண் பொறித்திருக்கிறது, மறுபக்கம் வெறுமை. ஒரு வருஷம் வலி மாத்திரையைத் தொடாமல் இருந்ததற்கு இந்த நாட்டில் இப்படி ஒன்று கொடுக்கிறார்கள். எழுபத்திரண்டு வயதில் நான் வாங்கிய முதல் பதக்கம் இதுதான். பள்ளியில் கணக்கில் எப்போதும் நான்தான் முதல். அதற்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை.

கொடுத்த இடம் டொராண்டோவுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் ஊரில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. இறங்குவதற்குப் பதினேழு படிகள். நாற்காலி பதினான்கு, வந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் என்னைப் போல வலி மாத்திரையிலோ அதைவிட மோசமானதிலோ விழுந்து எழுந்தவர்கள். தகடு வாங்குகிறவர் தன்னைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று சொல்ல வேண்டும், அது வழக்கம். போன மாதம் ஒரு லாரி ஓட்டுநர் இருபது நிமிஷம் பேசினார், அழுதார். நான் எழுந்து நின்று நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்தும் பெண்மணி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன்.

சொல்ல இருந்தது. ஆனால் அந்தப் பதினொரு பேரிடம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள், பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்பார்கள். அங்கே மன்னிப்பு தேநீர் மாதிரி. கேட்காமலே காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது ஊரில் இருக்கிறவர்களுக்கு. வெளிநாட்டு அண்ணனுக்கும் மாமனுக்கும் விமான நிலையத்தில் காத்து நின்று பெட்டியை வாங்கிக்கொள்கிறீர்களே, உங்களுக்கு. அந்தப் பெட்டியில் என்ன வருகிறது என்று நீங்கள் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

2

ஒரகடத்துக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். கணிதத்தில் பட்டம் பெற்று, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் பதினான்கு வருஷம் இருந்தேன். முப்பத்தெட்டாவது வயதில் இங்கே வந்தேன். இங்கேயும் கிடங்குதான். இருபத்தேழு வருஷம் கார் உதிரி பாகங்களை எண்ணினேன். கடைசி சில வருஷங்களில் நான் பிரித்த பெட்டிகள் சிலவற்றில் எங்கள் ஊர்ப் பக்கத்து பின்கோடு ஒட்டியிருந்தது. நான் ஊரைவிட்டு ஓடிவந்தேன். ஊர் அட்டைப்பெட்டிக்குள் ஏறி என் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

எண்ணிக்கையில் நான் தவறியதில்லை. என்னைப் பற்றி இந்த நாட்டில் யாராவது நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வார்கள்.

நாலேகால் வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். மகன் பாஸ்கரோடு இருக்கிறேன். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை. வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. வீட்டுக்கு வந்ததும் மேஜையில் கொட்டி எண்ணினேன். அறுபது என்று எழுதியிருந்தது, அறுபது இருந்தது. நாணயமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் வலித்தால் விழுங்கினேன். மூன்றாம் மாதம் வலிக்குமோ என்று விழுங்கினேன். ஒரு வருஷம் கழித்து என் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாட்டிலில் எத்தனை இருக்கிறது என்று மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு இந்த நாடு விழித்துக்கொண்டது. அள்ளிக் கொடுத்தவர்களே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். ஆறு பக்க ஒப்பந்தம், பதினொரு இடத்தில் சுருக்கொப்பம். எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பாட்டிலோடு போய் நிற்க வேண்டும். ஒரு செவிலிப் பெண் நீலத் தட்டில் மாத்திரையைக் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவாள். நல்ல கை. கிடங்கில் இருந்திருந்தால் நானே அவளை வேலைக்கு எடுத்திருப்பேன். ஒருநாள் நாற்பத்திரண்டு குறைந்தது. வாஷ்பேசினில் விழுந்துவிட்டது என்றேன். அந்த வாஷ்பேசினைப் பற்றி அவள் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருக்கிறாள் என்பது அவள் எழுதிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து பாதியாகக் குறைத்தார்கள்.

3

அந்த முப்பதுக்கு வருகிறேன். அது நடந்தது இதற்கெல்லாம் முன்னால், அறுவைக்குப் பிறகு மூன்றாம் மாதத்தில்.

தங்கை லோகாவின் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வருஷத் திதிக்குப் போனேன். பயணம் என்றதும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள். அப்போது என்னிடம் மிச்சம் இருந்தது. மிச்சம் என்று ஒன்று இருந்த கடைசிக் காலம் அது.

லோகாவுக்கு ஒரே மகன், தனசேகர். எல்லோருக்கும் சேகர். அப்போது இருபத்தேழு வயது. ஒரு கார் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அறுபத்திரண்டு நொடிக்கு ஒரு வண்டி அவன் முன்னால் வந்து நிற்கும். குனிந்து உள்ளே ஏறி, சீட் பெல்ட் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு வெளியே வர வேண்டும். அதற்குள் அடுத்த வண்டி வந்திருக்கும். இடைவேளை போக ஒரு ஷிஃப்டுக்கு நானூற்று முப்பத்தைந்து முறை குனிகிறான் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“எண்ணாத மாமா” என்று சிரித்தான். “எண்ணுனா இன்னும் ஜாஸ்தியா வலிக்கும்.”

உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். பெட்டியைக் கூடத்தில் திறந்து, கூடிய சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் பிரித்துக் கொடுத்தபோது, சேகருக்கு என்று தைலம் இரண்டு எடுத்து வைக்கச் சொன்னாள் லோகா. தைலம் எல்லோருக்கும் கொடுப்பது. தங்கை மகனுக்கும் அதையேதானா கொடுப்பது என்று எனக்குத் தோன்றியது. கிளம்புகிற அன்று காலை அவனை அறைக்குள் கூப்பிட்டேன். பாட்டிலைக் கவிழ்த்து, பத்துப் பத்தாக மூன்று முறை எண்ணி, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன். ‘வலித்தால் மட்டும், நாளைக்கு ஒன்று’ என்று மடிப்பின் மேல் எழுதினேன். உள்ளூர் மாத்திரை மாதிரி இல்லை, சக்தி அதிகம், பார்த்துப் போடு என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டரை வருஷம் கழித்து, இங்கே பாதியாகக் குறைத்த பிறகு, ஒரு மதியம் பாஸ்கர் வேலைக்குப் போனதும் சேகரைக் கூப்பிட்டேன். அந்த முப்பதில் ஏதாவது மீதி இருக்கிறதா, இருந்தால் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டேன். இருபது வயதில் கணக்கில் பட்டம் வாங்கியவன், இரண்டரை வருஷத்துக்கு முன் கொடுத்த முப்பதில் மீதி கேட்டேன்.



“அது எப்பவோ காலி மாமா. இங்கயே வேற கெடைக்குது. நானு அதத்தான் போட்டுக்கினு கீறேன். வாங்கி அனுப்பட்டா?”

நான் அப்போது என்ன கேட்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் கேட்டது, “எத்தனை கிடைக்கும்?”

4

மாத்திரை வரவில்லை. ஆறு மாதம் நான் பட்டதை எழுதப் போவதில்லை. எழுதினால் பரிதாபப்படுவீர்கள், அது எனக்கு வேண்டாம்.

கடைசியில் மருத்துவர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும். என் பெயரின் நீளத்தைப் பார்த்து யாரோ ஏற்பாடு செய்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, மெல்லிய குரல். “ஐயா, நீங்கள் இதுக்கு அடிமையாப் போனீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறார்.”

இதே கேள்விக்கு ஆங்கிலப் படிவங்களில் எட்டு முறை இல்லை என்று குறியிட்டிருக்கிறேன். கை கூசியதில்லை. தமிழில் கேட்டதும் வாய் வரவில்லை. “ஐயா, லைன்ல நிக்கிறீங்களோ?” என்று அந்த அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். எந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அவர் திருப்பிக் கேட்காமல் மொழிபெயர்த்துவிட்டார். அவர் யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

இப்போது தினமும் காலை எட்டரைக்கு மருந்துக்கடைக்குப் போகிறேன். மாத்திரை ஏக்கத்தை அடக்க, நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்து ஒன்றை, மருந்தாளர் பார்க்க, கரையும் வரை நின்று சாப்பிட வேண்டும். இருபத்தைந்து வயதுகூட இருக்காத பெண் ஒருத்தி, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கிறாள். நான் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூட்டம். முதல் கால் மணி நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். வருகிற எண்ணம் வரட்டும், போகிற எண்ணம் போகட்டும், பிடிக்காதீர்கள், விரட்டாதீர்கள் என்பார் அந்தப் பெண்மணி. நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு, இங்கே புது உறை போட்டு எனக்கே திரும்பக் கொடுக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. கால் மணி நேரத்துக்கு இருநூற்றுப் பத்து மூச்சு என்று சொன்னேன். எண்ணாமல் பாருங்கள் என்றார். எண்ணாமல் எதையும் எனக்குப் பார்க்கத் தெரியாது என்றேன். அதையும் கவனியுங்கள் என்றார். இவர்களோடு சண்டை போடவும் முடியாது.

வீட்டில் பாஸ்கர் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான், கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. பேத்தி மீராவுக்குப் பதினைந்து வயது. தமிழில் முழுதாக ஒரு வாக்கியம் சொல்ல வராது. ஆனால் மாத்திரை அதிகமாகி மூச்சு நின்றவரின் மூக்கில் அடித்துப் பிழைக்க வைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, அதை எப்படி அடிப்பது என்று பள்ளியில் கற்றுக்கொண்டு வந்தாள். ஒரு பெட்டி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். மேலே ஒரு சீட்டு ஒட்டி ‘Thatha’ என்று எழுதியிருக்கிறாள். நான் அவளுக்கு ஆனா ஆவன்னா கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் எனக்காகக் கற்றுக்கொண்டது இது.

5

நிறுத்தி நாலு மாதம் ஆனபோது லோகாவிடமிருந்து அழைப்பு. சேகர் கெட்டுப் போய்விட்டான், உடனே வா என்றாள். பயணத்துக்கு மூன்று கடிதம், இரண்டு முத்திரை, பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் இருபத்தொரு நாளுக்கு அந்த நாக்கடி மருந்து இருபத்தொரு வில்லை. அதே பெரிய பெட்டியில்தான் அதையும் வைத்தேன். தைலமும் இருந்தது. கையை வீசிக்கொண்டு போக எனக்கு அப்போதும் துணிவில்லை.

வயல் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிஞ்சிய மனையில் லோகா எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். வரிசையாக, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பொதுவாக இரண்டு குளியலறை. இருப்பவர்கள் எல்லாம் தெற்கத்திப் பையன்கள். ஆறாம் நம்பர் மட்டும் காலியாக இருந்தது.

அங்கே இருந்தவன் இசக்கிமுத்து, நாங்குநேரிப் பக்கம், சேகரோடு ஒரே லைனில் வேலை. சேகர் எந்நேரமும் அந்த அறையில்தான் கிடப்பான். ஒருநாள் சேகரின் சட்டைப்பையில் லோகா மாத்திரை அட்டை பார்த்தாள். விசாரிக்கவில்லை. இசக்கியின் டிரங்குப் பெட்டி, அடுப்பு, பாய் எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டாள். ஊரே நின்று பார்த்ததாம். இதை என்னிடம் அவள் சொன்னபோது குரலில் ஒரு திருப்தி இருந்தது. அதற்குப் பிறகும் சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்கப் போவதால், நாலு வாரமாக ஞாயிறு முழுக்க வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீ படிச்சவன்ணா. போலீசுக்கு ஒரு புகார் எழுதிக் குடு. எவன் குடுத்தான், எப்ப குடுத்தான், எத்தினி குடுத்தான், எல்லாம் கரீட்டா எழுதணும். நீ எழுதுனா ஒரு புள்ளி தப்பாது.”

ஒரு குடும்பத்தில் ஒருவன் படித்துவிட்டால் மனு எழுதுவது சாகும்வரை அவன் வேலை. நிலம் எடுத்தபோது நான்தான் எழுதினேன். பட்டா மாற்றத்துக்கு, மின் இணைப்புக்கு, மைத்துனரின் இறப்புச் சான்றிதழுக்கு, இங்கிருந்தே எழுதி அனுப்பியிருக்கிறேன். பிளாஸ்டிக் மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பொருளில், என் மகனுக்குப் போதை மாத்திரை கொடுத்துப் பழக்கியவர் மீது நடவடிக்கை கோருவது தொடர்பாக என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். முப்பது மாத்திரையை எண்ணிக் கொடுத்த கை, நடுங்காமல் ஒரு பக்கம் எழுதியது.

கொடுத்தவர் பெயர், நாள், எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். சேகரைக் கேட்டு விவரம் வாங்க வேண்டும் என்றேன். அடுத்த நாள் ஞாயிறு. நான் கூடப் போவதால் லோகா கேட்டைத் திறந்தாள்.

6

ஊருக்கு வெளியே விற்காத ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. நுழைவில் பெரிய வளைவு, நகர் என்று பெயர், உள்ளே ஒரு வீடும் இல்லை. மஞ்சள் அடித்த எல்லைக் கற்களை நடந்துகொண்டே எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு. மழைநீர்க் கால்வாயின் சிறுபாலத்துக் கட்டைச் சுவரில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேகரோடு ஆறு. எல்லோரும் வெவ்வேறு ஆலை, வெவ்வேறு ஷிஃப்ட். எல்லோருக்கும் முதுகோ தோளோ மணிக்கட்டோ ஒன்று போயிருந்தது, அதற்குப் போட்ட மாத்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. தேவாலயத்தில் செய்வதையே இங்கே வெயிலில் செய்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த வாரத்தைச் சொன்னார்கள். சேகரின் முறை வந்தது. நாலு வாரம் வர முடியவில்லை, அதில் இரண்டு தடவை வழுக்கிவிட்டேன் என்றான். யாரும் திட்டவில்லை. வந்துட்ட இல்ல, உக்காரு என்றான் ஒருவன்.

இசக்கிதான் இதை ஆரம்பித்தவன். முப்பது வயதிருக்கும், ஒல்லி. அவனும் எட்டு மாதத்துக்கு முன் நிறுத்தியவன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில மூச்சப் பாருன்னாவ ஐயா. மூச்சப் பாத்துக்கிட்டே மெடிக்கல் வாசல்ல போயி நிப்பேன். பொறவு லைன்ல நிக்கும்போது ஒண்ணு கண்டுக்கிட்டேன். வண்டி வந்துட்டா நாம ஓட முடியாதுல்லா. அந்த வண்டியத்தான் பாக்கணும். அதே மாரி இப்ப மனசு மாத்திரை கேட்டா, சரிடே, ஒரு வண்டி போவட்டும்னு சொல்லுதேன். அது போனா இன்னொண்ணு. இருவது, இருவத்தஞ்சு வண்டி போவதுக்குள்ள அதுவே அடங்கிருது. அடங்கலன்னா இவனுவள்ல எவனுக்காச்சும் போன் அடிப்பேன். எடுத்ததும் அவன் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன வண்டி போயிருக்குன்னு.”

எண்ணாதே என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை.

பிறகு சேகர் என்னைக் காட்டி, எல்லோர் முன்பும் சிரித்துக்கொண்டே சொன்னான். “எங்க மாமா கனடால இருந்து போன் பண்ணி மாத்திரை கேட்டாரு. வாங்கி பார்சல்லாம் கட்டி வெச்சேன். நாலே நாளு, நானே பிரிச்சுப் போட்டுட்டேன்.”

ஆறு பேரும் சிரித்தார்கள். ஏர்போர்ட்டுல மாட்டாம தப்பிச்சாரு பெருசு என்றான் ஒருவன். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதல் முப்பது எங்கிருந்து வந்தது என்றும் சேகர் சொல்லவில்லை.

திரும்பும்போது இசக்கியைத் தனியாகக் கேட்டேன். முதலில் கொடுத்தது நான் என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்றான். பெட்டியைத் தெருவில் வீசியபோது ஏன் சொல்லவில்லை?

“மாமா பேரச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் ஐயா. அவ்வோ என்னைய ஏசுனது கெடக்கட்டும். ரூமு எங்கயும் கெடைக்கும். இவனத் தனியா விடக் கூடாது, அதுதான். பூட்டி வச்சா இவன் செத்துருவான் ஐயா.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு போல்ட்டை எவ்வளவு முடுக்கணும் என்கிற மாதிரி சொன்னான்.

7

மதியம் மனுவை எழுதி முடித்தேன். லோகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாயால் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. தாளை நீட்டினேன்.

எட்டாவது வரை படித்தவள். விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். பாதிக்கு மேல் விரல் நின்றது. மறுபடி மேலே போய்ப் படித்துக்கொண்டு வந்தது. அதே இடத்தில் நின்றது.

“இன்னாண்ணா, இதுல உன் பேர எழுதிக்கினு கீற.”

“ஆமா.”

“அவன் பேருக்குப் பதிலா மாத்தி எழுதிட்டியா?”

“இல்ல. சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

உள்ளே சேகர் நிற்பது தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள், இடம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தது. ஒரு புள்ளி தப்பாது.

“எண்ணியா குடுத்த?”

“ஆமா. முப்பது.”

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது, நான் கடைசியாகச் சொன்னது.

கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். இடுப்புச் சாவியை எடுத்துக் கேட் பூட்டைத் திறந்து, பூட்டைக் கையோடு கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். சேகரிடம் சொன்னாள்: “அந்தப் புள்ள சட்டி பானையெல்லாம் எங்க கீதுன்னு கேளு. ஆறாம் நம்பரு சும்மாத்தான் கீது. நானே வந்து கூப்புடணும்னாலும் வரேன்.” பிறகு அலமாரியைத் திறந்தாள். நான் இந்த முறை கொண்டுபோன தைலம், சாக்லேட், சோப்பு, விட்டமின் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்தாள். போன முறை கொடுத்து அவள் பத்திரமாக வைத்திருந்த பாதித் தைலம் ஒன்றும் இருந்தது, அதையும் எடுத்தாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். பதினேழு பொருள். எறியவில்லை. உடையக்கூடியதைத் துணிக்கு நடுவில் வைத்தாள்.

பெட்டியை மூடும்போது மட்டும் தாழ் பொருந்தவில்லை. நான் உதவப் போனேன். அவள் விலகிப் போய்விட்டாள். அந்த மனுவை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருப்பதாகச் சேகர் பிறகு சொன்னான். எதற்கு அங்கே என்று எனக்குப் புரியவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

8

இன்று தகடு வாங்கி வந்ததும் சேகரைக் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். அவனுக்கு ஐந்து மாதம் ஆறு நாள் ஆகிறது, நடுவில் ஒரு தடவை வழுக்கி மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறான். பின்னால் இசக்கி லுங்கியோடு குறுக்கே போனான், கையை உயர்த்தினான். லோகாவே அவனை நேரில் போய் அழைத்து வந்தாள், இந்த மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இதெல்லாம் சேகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தகட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். “சூப்பர் மாமா” என்றான். “பின்னாடி ஒண்ணும் எழுதலயா?” இல்லை என்றேன். இவ்வளவு பெரிய நாட்டில் ரெண்டு பக்கமும் அச்சடிக்கக் கூடாதா என்றான். சிரித்தோம்.

அவன் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அப்படி அழுத்திக் கழுவுகிறவள் ஒருத்திதான்.

“அம்மா பேசறாளான்னு கேளுடா.”

கேமரா கூரைக்குத் திரும்பியது. மின்விசிறி மட்டும் தெரிந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. ஏதோ மெல்லப் பேசினார்கள், காதில் விழவில்லை. குழாயைத் திறந்தார்கள். பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சேகரின் முகம் திரும்ப வந்தது.

“ஒரு வண்டி போவட்டும் மாமா.”

சரி என்றேன். அறுபத்திரண்டு நொடிக்கு ஒரு வண்டி. அவள் என்னிடம் பேசி இன்றோடு ஏழு மாதம் பதினொரு நாள்.